அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்: பொங்கலுக்கு ஊர் வரும் பிள்ளைகளுக்கு

பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும் கடல் தாண்டியும் வேலை பார்க்கிற பழனி வட்டாரத்துப் பிள்ளைகளே!

நான் பழனி மலை அடிவாரத்தில் டிடிபி கடை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று இந்த ஊரின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோத்துக் கொடுக்கிற கடை. உங்களில் பலருடைய காதுகுத்துப் பத்திரிகை என் கையால் அடித்ததாக இருக்கும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. வீடுகளில் இருக்கும் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அது டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்பு வசதியைக் கேட்கும். பழைய போர்டுகளில் அது இருக்காது. ஆகவே இந்தப் பொங்கலுக்கு வரும்போது, கூடத்து மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இதை எதுக்குப்பா இன்னும் வச்சிருக்கீங்க, எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு லேப்டாப் வாங்கிக்கலாம்" என்று சொல்லப்போகிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். பள்ளிக்கூடத்திலோ மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஐம்பத்தெட்டு, அறுபது வயதுக்கு மேல் ஓர் ஆசை வரும். குல வரலாறு எழுத வேண்டும். பையை மாட்டிக்கொண்டு நெய்க்காரப்பட்டி, கீரனூர், தொப்பம்பட்டி, கொழுமம் என்று பங்காளி வீடு பங்காளி வீடாகப் போவார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் எந்த ஊரை விட்டுக் கிளம்பினோம், குலதெய்வத்துக்குப் பிடிமண் எடுத்து வந்தது யார், எந்தத் தலைமுறையில் எந்தச் சண்டையில் இரண்டு கோயிலாகப் பிரிந்தோம், இலங்கைத் தோட்டத்துக்குப் போன சின்னப் பாட்டன் என்ன ஆனார், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்ப அட்டையோடு திரும்பி வந்தவர்கள் அவருடைய பிள்ளைகள்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அதை மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டி ஏற்றுவார்கள். அன்றைக்குப் பதில் சொன்ன கிழவிகளில் பெரும்பாலானோர் இன்று இல்லை. ஃபைல் போனால் மறுபடி கேட்டு எழுத ஆள் கிடையாது.

ஃபைல் போகிற வழிகளில் சாதாரணமானதை முதலில் சொல்கிறேன். ஆயக்குடிப் பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று மகனிடம் போனில் சொன்னார். மகன் அங்கிருந்தே ஆள் ஏற்பாடு செய்தான். வந்த பையன் நல்ல பையன்தான். "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், டி டிரைவ்ல கை வைக்க மாட்டேன்" என்றான், சொன்னபடியே டி டிரைவில் கை வைக்கவும் இல்லை. ஆனால் வாத்தியார் வைத்திருந்ததெல்லாம் டெஸ்க்டாப்பில். திறந்ததும் கண்ணெதிரே நிற்பதால் அதுதான் பத்திரமான இடம் என்று நம்பியிருந்தார். டெஸ்க்டாப்பும் மை டாக்குமெண்ட்ஸும் சி டிரைவுக்குள் அடக்கம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. என் கடைக்கு வருவதற்குள் புது விண்டோஸ் ஏறி, அதற்கு மேல் பழைய சினிமாப் பாட்டுகளும் பக்திப் பாட்டுகளும் ஏறிவிட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹார்டிஸ்கில் சாதாரணமாக அடிக்கிற ஃபார்மேட், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும்தான் அழிக்கும். எழுத்து அங்கேயேதான் கிடக்கும், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை. அழிந்துவிட்டது என்று தெரிந்த நிமிஷமே மெஷினை அணைத்து, டிஸ்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்பு மென்பொருளை ஓட்டினால் பெரும்பகுதியை எடுக்க வாய்ப்பு உண்டு. அதே கம்ப்யூட்டரிலேயே மென்பொருளை இறக்கித் தேடினால் தேடுகிற பொருளின் மேலேயே உட்கார்ந்துகொள்வீர்கள். எஸ்எஸ்டி போட்ட மெஷினில் இந்த நம்பிக்கையும் குறைவு. அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று. டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருக்கக்கூடும். ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் தட்டில் கீறல் விழலாம். அப்படியே எடுத்துச் சுற்றிக் கோவைக்கோ சென்னைக்கோ டேட்டா மீட்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். செலவாகும். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் தள்ளுபடியை விட நிச்சயம் அதிகமாகும்.

2005 வாக்கில் சிடியில் எழுதி வைத்தவர்களும் உண்டு. வீட்டில் எழுதும் சிடியில் எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. பீரோவுக்கு மேல், ஓட்டுக்குக் கீழ், பழனி வெயிலில் அது எத்தனை கோடை தாங்கும் என்று சொல்ல முடியாது. பென் டிரைவையும் வருஷக்கணக்கில் எதிலும் சொருகாமல் டப்பாவுக்குள் போட்டு வைத்தால் நம்ப முடியாது.

இவையெல்லாம் உலகம் முழுக்க நடப்பவை. தமிழுக்கென்று தனியாக ஒரு நாசம் இருக்கிறது. அது என் தொழிலோடு சேர்ந்தது என்பதால் அதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எங்களைப் போன்ற கடைகளுக்கும் உங்கள் அப்பாக்களின் மேஜைக்கும் அது வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு. பாமினி ஒரு பக்கம், வானவில் அவ்வையார் ஒரு பக்கம், ஸ்ரீலிபி ஒரு பக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்களை வகுத்தார்கள். கூடவே தமிழ் 99 விசைப்பலகையும் வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடையே தரமாக ஏற்று ஆணை போட்டது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். இடைப்பட்ட காலத்தில் அடித்த ஃபைல்கள்தான் இப்போது உங்கள் வீட்டில் கிடப்பவை.

அந்த எழுத்துருக்கள் செய்தது ஒரு வேஷம். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம்தான். பாமினியில் 'அம்மா' என்று அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஓர் எம், ஒரு கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி ஒரு கே, ஓர் எச் என்று நிற்கும். புது லேப்டாப்பில் இதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? "வைரஸ் தின்னுடுச்சுப்பா" என்று சொல்லி அழித்துவிடுகிறார்கள். எந்த வைரஸும் தின்னவில்லை. நூறு பக்கமும் முழுசாக இருக்கிறது. எழுத்துருவை நிறுவினால் அப்படியே எழுந்து நிற்கும். சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் போட்டால் யூனிகோடாக வரும். ஒற்றும் கொம்பும் சில இடங்களில் இடம் மாறும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்திக்கொள்ளலாம். ஹார்டிஸ்க் பழுதால் போனதை விட, நன்றாக இருந்ததைக் கெட்டது என்று நினைத்து அழித்ததால் போன குடும்ப வரலாறுதான் இந்த வட்டாரத்தில் அதிகம் என்பது என் கணிப்பு.

பேஜ்மேக்கரில் செய்து வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். அடோபி அதன் கடைசிப் பதிப்பை விட்டது 2001-இல். அந்த ஃபைலைத் திறக்க இப்போது பழைய மென்பொருள், பழைய விண்டோஸ், பழைய எழுத்துரு மூன்றும் ஒரே மெஷினில் கூட வேண்டும். உங்கள் அப்பாவின் அந்தப் பழைய பெட்டியில் ஒருவேளை மூன்றும் கூடியிருக்கும். அதைத்தான் எக்ஸ்சேஞ்சில் போடப் போகிறீர்கள்.

இதைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கிற வேலை. முதலில் அன்றைய எழுத்துருக்களில், பிறகு டிஸ்கி என்ற குறியேற்றத்தில், அதற்குப் பிறகு யூனிகோடில் என்று காலம் மாற மாற நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். இன்றைக்கும் அவற்றைப் படிக்க முடிவதற்குக் காரணம் அதுதான். நம் வீட்டில் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் நீங்கள். ஊரில் இல்லாதவர்களும் நீங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் அப்பாவுக்கு வம்சாவளி மென்பொருள் இறக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அமெரிக்காவின் மோர்மன் திருச்சபை இலவசமாகக் கொடுத்துவந்த மென்பொருளை 2013-இல் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் ஃபேமிலி ட்ரீ மேக்கரைக் கைவிடுவதாக அதன் நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது; அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் வாங்கியதால் பிழைத்தது. எந்த மென்பொருளானாலும் 'ஜெட்காம்' என்ற பொது வடிவில் ஒரு பிரதி எடுத்து வைத்தால், இது போனாலும் வேறொன்றில் திறக்கலாம். எடுக்கும்போது யூனிகோடில் எடுக்க வேண்டும். பழைய ஜெட்காமின் குறியீட்டில் தமிழுக்கு இடமே இல்லை. எல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

ஆனாலும் அந்த மென்பொருள்களுக்கு நம் ஊர் புரியாது. குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு இனிஷியல்தான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்; பழனி வட்டாரத்தில் அது பெரும்பாலும் பழனிச்சாமி, தண்டபாணி, வேலுச்சாமி இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறைக்குள் மூன்று பழனிச்சாமி. "ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறார், சேர்த்துவிடலாமா?" என்று மென்பொருள் கேட்கும், அப்பா 'சரி' என்று தட்டியிருப்பார், பாட்டனும் பேரனும் ஒருவராகி, பாட்டியே மனைவியாகவும் ஆகிப்போன கதையை நான் திரையில் பார்த்திருக்கிறேன். அக்கா மகளைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர் இருக்கும் குடும்பத்தில் மரம் மரமாக நிற்காது, வலையாகப் பின்னிக்கொள்ளும். பிறந்த தேதி இன்னொரு தொல்லை. ஜாதக நோட்டில் 'விரோதி வருஷம் ஆவணி' என்று இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். விரோதி என்றால் 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். எந்தப் பழனிச்சாமி என்பதைப் பொறுத்தது. மென்பொருளில் ஆங்கிலத் தேதியை மட்டும் ஏற்றிவிட்டு ஜாதக நோட்டைத் தூக்கிப் போட்ட வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, சொல்லக் கூசுகிற விஷயம். அப்பா காலமானபின் அவருடைய பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருஷம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் கொண்டுவந்திருக்கிறது. அவருடைய மெயிலும் டிரைவும் போட்டோவும் அதோடு போய்விடும். முதல் திதிக்கு அழுது, இரண்டாம் திதிக்கு வந்து, மூன்றாம் திதிக்குள் ஒருநாள் உட்கார்ந்து தேடலாம் என்றிருந்தால் தேட ஒன்றும் இருக்காது. கூகுளிலேயே, நான் இவ்வளவு மாதம் வராவிட்டால் என் கணக்கில் இருப்பதை இன்னாரிடம் கொடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. இதைப் பெற்றவரிடம் பேசுவது அபசகுனம் இல்லை. உயில் எழுதுகிற காரியம்தான் இதுவும். புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தாலும் இதைக் கவனியுங்கள்: விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிஸ்கைத் தானாகவே பூட்டிவிடும், அதைத் திறக்கும் மீட்புச் சாவி அவருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை உங்கள் போனில் வைத்துத் திறந்து கொடுத்துவிட்டு, பிறகு நம்பரை மாற்றிவிட்டீர்கள் என்றால் முடிந்தது கதை.

இத்தனையையும் பார்த்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நம் பக்கத்தில் குடும்பக் கணக்கு அழியாமல் இருப்பது எங்கே என்று யோசித்துப் பாருங்கள். மொய் நோட்டில் இருக்கிறது. அப்பாவின் கல்யாணத்துக்கு எழுதிய மொய் நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கும்: ஊர், பெயர், இன்னாருக்கு இன்ன உறவு, ஐந்து ரூபாய். அடுத்து இருப்பது குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டில். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. யார் செத்தார், யார் புதிதாகச் சேர்ந்தார் என்று திருவிழாவுக்குத் திருவிழா பெயரைத் திருத்தி எழுதிக்கொண்டே வருவார்கள். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து காவடி தூக்கி நம் ஊருக்கு நடந்து வருகிறார்களே நகரத்தார், அவர்களில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் தங்கள் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றில் ஒரு புள்ளி. கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம். மாலை வந்தால் கணக்கில் ஏறியாக வேண்டும். இவையெல்லாம் வரலாறாக இருக்கட்டும் என்று யாரும் எழுதி வைத்தவை அல்ல. காசும் உரிமையும் அதில் மாட்டிக்கொண்டிருப்பதால், அடுத்த வருஷமும் தேவைப்படும் என்பதால் பிழைத்துக் கிடக்கின்றன. பாதுகாக்க வேண்டும் என்றே அப்பா தனியாக எழுதியது ஒரே டிஸ்கில், ஒரே ஆளிடம், யாருக்கும் வருஷம் ஒருமுறைகூடத் தேவைப்படாமல் கிடக்கிறது. அதுதான் அதற்கு ஆபத்து.

இந்த மொய் நோட்டுக்கும் இப்போது கேடு வந்துவிட்டது என்பது வேறு. மதுரை, திண்டுக்கல் பக்கத்து விசேஷ வீடுகளில் மொய் மேஜையில் லேப்டாப் உட்கார்ந்துவிட்டது. கொடுத்தவருக்குச் சீட்டு உடனே வரும். ஊர்வாரியாகப் பிரித்த பட்டியல் வீட்டுக்காரருக்கு வரும். வேலை சுலபம், தகராறு இல்லை, பாராட்டலாம். ஆனால் பென் டிரைவில் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அச்செடுத்துத் தரச் சொல்லித் தைத்து வையுங்கள்.

பட்டியலின் அருமை 2025 நவம்பரில் எல்லோருக்கும் தெரிந்தது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, 2002, 2005 பட்டியல்களில் அப்பா பெயரும் அம்மா பெயரும் எந்த ஊரில், எந்தப் பாகத்தில் இருக்கின்றன என்று எத்தனை பேர் தேடினார்கள். என் கடையிலும் தேடிக் கொடுத்தோம். பெற்றவர் அந்த வருஷம் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று தெரியாத பிள்ளைகளைப் பார்த்தேன். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தான். அதற்கு முன் நாம் மதுரை மாவட்டம். பாட்டன் காலத்துக் காகிதத்தில் மதுரை ஜில்லா, பழனி தாலுகா என்று இருந்தால் அது உங்கள் காகிதம்தான். வேறு ஊர்க்காரருடையது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பெட்டியைக் கொடுக்கும் முன் ஹார்டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமலும் எக்ஸ்சேஞ்சில் எடுப்பார்களா என்று கேளுங்கள், எடுக்காவிட்டால் பெட்டியைக் கொடுக்காதீர்கள். எழுத்துருக் கோப்புகளைத் தனியே நகல் எடுங்கள். குல வரலாற்றை யூனிகோடாக்கி அப்பாவிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டும்போது அம்மாவையும் உட்கார வையுங்கள். இதுவரை என் கைக்கு வந்த குல வரலாறுகளில் பெரும்பாலும் ஆண் வழிதான் இருக்கிறது. பங்காளி வரிசை இருக்கிறது. வந்தவள் எந்த ஊர்க்காரி, போனவள் எந்த ஊரில் என்ன ஆனாள் என்பது இல்லை. அது அம்மாவுக்குத் தெரியும். அப்புச்சி வீட்டுக் கதையும் அவளிடம்தான் இருக்கிறது. அதை எந்த டிஸ்கிலும் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

பிறகு அச்செடுங்கள். ஜெராக்ஸ் போதும், பளபளத் தாள் வேண்டாம். மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லாம் கூடுவார்கள் அல்லவா, அன்றைக்குத் தலைக்கட்டுக்கு ஒரு பிரதி கொடுங்கள். கோயில் பெட்டியில் ஒன்று, பூசாரி வீட்டில் ஒன்று. கடைசியில் பத்து வெள்ளைத் தாள் சேர்த்துத் தையுங்கள். அடுத்த வருஷம் பிறந்தது, இறந்தது, கட்டியது எல்லாவற்றையும் வரி வசூலிக்கிற நாளிலேயே கையால் எழுதிக்கொள்ளட்டும். வரி நோட்டோடு வரலாறும் ஓடட்டும். கம்ப்யூட்டர் பிரதியைக் குறைந்தது மூன்று பங்காளிகள் மூன்று ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிறந்த வழிப் பெண்பிள்ளையாக இருக்கட்டும். பெண்பிள்ளைகள்தான் பத்திரமாக வைக்கிறார்கள், கடைக்காரன் அனுபவத்தில் சொல்கிறேன்.

பாமினி, வானவில், இன்னும் பெயர் மறந்துபோன பழைய எழுத்துருக்கள், பேஜ்மேக்கர் ஓடுகிற பழைய மெஷின் ஒன்று எல்லாம் என் கடையில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. குல வரலாற்றுக்குக் கன்வெர்ட் பண்ணக் காசு வாங்குவதில்லை. அச்சுக்கு மட்டும் கொடுத்தால் போதும். தைப்பூசம் முடியும் வரை கடையில் நிற்க இடம் இருக்காது. பொங்கல் லீவில் ஃபைலை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள், சிவராத்திரிக்குள் முடித்து வைக்கிறேன். வரும்போது அப்பாவையும் கூட்டி வாருங்கள், சந்தேகம் கேட்க ஆள் வேண்டும்.